ஓரத்தில் நக்கோ என்று எழுதியவருக்கு

பிரியமான ஸ்டெல்லா அப்பாவுக்கு,

முதலில் ஒரு திருத்தம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து படியிறங்கும்போது என் காதுபடவே சொல்கிறார்கள்: "பாவம் ஸ்டெல்லா அம்மா. வீட்டுக்காரர் காயலான் சாமான்ல மோட்டார் செஞ்சு குடுத்துட்டுப் போய்ச் சேந்துட்டாரு. இவங்கல்ல தலைகுனிஞ்சு நடக்குறாங்க." சொல்கிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் சொல்வது தவறு. உங்கள் பிழைக்காக நான் தலைகுனியவில்லை. லூர்து சிஸ்டரின் படகு நடுநீரில் நின்றது உங்கள் வேலையால் அல்ல, நான் போட்ட ஆணியால்.

இதை நம் பங்குத் தாளில் அச்சிடும்படி கேட்டேன். "குடும்ப விஷயம், வேண்டாமே அம்மா" என்றார் ஃபாதர். குடும்ப விஷயத்தைப் படியில் நின்று பேசுகிறார்களே ஃபாதர் என்றேன். கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் பகலெல்லாம் ரயில் வண்டிக்கு உழைத்துவிட்டு, மிச்ச நேரத்தில் நீங்கள் படகு மோட்டார்களுக்கு உயிர் கொடுத்தீர்கள். படகின் பின்பக்கம் மாட்டுகிற பழைய சீமை மோட்டார்கள். ஜும்மேராத் பஜார் பழைய சாமான் சந்தையில் துருப்பிடித்த கட்டில்களுக்கு நடுவே கிடப்பதை எடைக்கு வாங்கி, சைக்கிளில் கட்டி, பிணத்தைக் கொண்டுவருவது போலக் கொண்டுவருவீர்கள். செய்த கம்பெனிகள் நம் கல்யாணத்துக்கு முன்பே மூடிவிட்டன. உதிரிப் பாகம் கிடையாது. கிடைத்தாலும் நம்மால் வாங்க முடியாது. ஆகவே காலண்டர் அட்டையை வெட்டி கேஸ்கட், ஸ்கூட்டர் கண்டென்சரைப் பிடுங்கி இதற்கு, ரப்பர் செருப்பைச் செதுக்கித் தண்ணீர் பம்புக்கு. என் செருப்பு ஒன்று காணாமல் போய் இரண்டு நாள் தேடினேனே, நினைவிருக்கிறதா?

அப்படிச் செய்த ஒன்றைத்தான் லூர்து சிஸ்டருக்குக் கொடுத்தீர்கள். கிருஷ்ணா அணைக்குப் பின்னால் பெருகி நிற்கும் நீரின் அக்கரையில், ரோடு இல்லாத குடிசைகளுக்கு வாரம் ஒருமுறை மருந்துப் பெட்டியோடு போகிற நர்ஸ் அவர். வருடா வருடம் மழைக்கு முன் மோட்டாரை நம் குகட்பள்ளி வீட்டுக்கு அனுப்புவார். நீங்கள் பார்த்துக் கொடுப்பீர்கள்.

கூடவே ஒரு பிடி பித்தளை ஆணிகளும் கொடுப்பீர்கள். தண்ணீரைத் தள்ளுகிற காத்தாடியை அதன் தண்டோடு பிணைக்கிற சின்ன ஆணி. வருடத்தில் நாலைந்து தடவை அது உடையும், சிஸ்டர் படகிலேயே உட்கார்ந்து மாற்றிக்கொள்வார். "உடைஞ்சு போற சாமானைச் செஞ்சு குடுக்க வெக்கமா இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டேன். "ஆணிக்கும் ஒரு வேலை இருக்குட்டி" என்றீர்கள். உங்கள் ஊர் வழக்கில் 'ட்டி' போட்டுப் பேசாதீர்கள், ஜன்னல் திறந்திருக்கிறது என்றேன். பேச்சு அதோடு முடிந்தது. அன்று நான் ஜன்னலைப் பற்றிப் பேசாமல் ஆணியைப் பற்றிக் கேட்டிருக்கலாம்.

நீங்கள் இல்லாத முதல் கோடையில் சிஸ்டர் தயங்கித் தயங்கி வந்தார். "வேற யார்கிட்டயாவது காட்டட்டுமாம்மா?" நான் விடவில்லை. முப்பது வருடம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவள் நான். நோட்டுப் புத்தகமும் இருக்கிறது என்றேன். உங்களுடையது அல்ல, நான் எழுதிய நல்ல பிரதி. பிரித்தேன், துடைத்தேன், மாட்டினேன். ஆணி வளைந்திருந்தது. நோட்டைப் பார்த்தேன். 'காத்தாடி ஆணி: பித்தளை, ஸ்டீல்' என்று இரண்டும் இருந்தது. இரண்டில் உறுதியானது ஸ்டீல். என் பின்னல் ஊசி அந்தத் துளைக்கு அளவெடுத்தது போலப் பொருந்தியது. வெட்டிப் போட்டேன். உங்களைவிட நன்றாகச் செய்துவிட்டதாக, உண்மையைச் சொல்கிறேன், பெருமைப்பட்டேன்.

அந்த ஆணி உடையவே இல்லை. மூன்று மாதம் கழித்து, அக்கரையிலிருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு வரும்போது, நீருக்குள் நின்ற மரக்கட்டையில் காத்தாடி மோதியிருக்கிறது. ஆணி தாங்கிக்கொண்டது. உள்ளே பல்சக்கரங்கள் பொடிப்பொடியாகிவிட்டன. சிஸ்டரும் படகுக்காரரும் மாறி மாறித் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

"வேளைக்கு வந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்னு சொல்ல முடியாதும்மா" என்றார் சிஸ்டர். ஆறுதலுக்குச் சொல்கிறாரா, நர்ஸாகச் சொல்கிறாரா? நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

உடைந்ததையும் அந்த ஆணியையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி லாலாகுடாவில் சத்தார் பாயிடம் போனேன். உங்களோடு லேத்தில் நின்றவர். முன்பற்கள் இரண்டு போய்விட்டன, உருது கலந்த அதே தமிழ்தான் பேசுகிறார். ஆணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது யாரு போட்டதும்மா?"

"நான்தான்."

"ஸ்டீலா?"

"பின்னல் ஊசி. நல்ல சீமை ஸ்டீல்."

கண்ணாடியைக் கழற்றினார். "கைக்கு அம்மா, கைக்கு? ஏன் இப்படிப் பண்ணீங்க? அண்ணன் எப்பவும் சொல்வாரே, பித்தளை ஹவ், ஸ்டீல் நக்கோ. இது உடையறதுக்குன்னே போடற ஆணிம்மா. கட்டையில பட்டா ஆணி சாவணும். அது சாவலைன்னா கியர் சாவும்."

"நோட்டில் இரண்டும் இருந்தது, பாய்."

"ஓரத்துல பாத்தீங்களா?"

ஓரத்தில் பார்க்கவில்லை. என் பிரதியில் ஓரம் வெறுமையாக இருக்கிறது. கான்வென்டில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான்: ஓரம் விட்டு எழுது, ஓரத்தில் எழுதாதே. நீங்கள் படுத்திருந்த மாதங்களில், எண்ணெய்க்கறை படிந்த உங்கள் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். பேனாவில் எழுதியது விஷயம், ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியது சத்தார் பாயோடு பேசிய பேச்சு என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம் என்று இந்த ஊரில் கொத்தமல்லி வாங்கப் போகிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெருவில் பேசுகிற வார்த்தை புத்தகத்தில் எதற்கு என்றுதான் விட்டேன். எழுத்துப் பிழைகளையும் திருத்தினேன். நீங்கள் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, மாதங்கள் கழித்து வந்து தீர்ப்பு எழுதிய இடம் அது என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் முப்பது வருட உழைப்பும் அந்த ஓரத்தில்தான் இருந்திருக்கிறது.

பிரதியை உங்கள் கையில் கொடுத்தேன். நாலு பக்கம் புரட்டினீர்கள். "முத்து முத்தா எழுதியிருக்கட்டி. ஆனா இதுல நான் பேசுதது கேக்கலயே" என்றீர்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பழைய நோட்டை வெந்நீர் அடுப்பில் போட்டேன். அந்த வெந்நீரில்தான் அன்று உங்கள் உடம்பைத் துடைத்துவிட்டேன்.

இப்போதைய நிலைமையைச் சொல்கிறேன். தார்ப்பாய்க்கு அடியில் நீங்கள் வைத்திருந்த இன்னொரு மோட்டாரும் அதே இனம். சத்தார் பாய் அதன் பல்சக்கரங்களை எடுத்து இதில் பொருத்திக் கொடுத்துவிட்டார். பித்தளை ஆணியும் போட்டாயிற்று. ஆனால் பிரித்தபோது பம்பு ரப்பர் தூளாகக் கொட்டியது. நீங்கள் கொடுத்திருந்த எண்ணெய் டின்னும் தீர்ந்துவிட்டது. நோட்டைத் திறந்தால், பம்புக்கு: செருப்பு ரப்பர், லாரி டியூப். பெட்ரோலில் கலக்க: ஸ்கூட்டர் ஆயில், கார் ஆயில், விளக்கெண்ணெய். கியர் பெட்டிக்கு: கிரீஸ், கெட்டி ஆயில். எல்லாம் என் அழகான கையெழுத்தில், ஒன்றுக்கொன்று சமமாக, வரிசையாக நிற்கின்றன. எது ஹவ், எது நக்கோ?

நீங்கள் ஓரத்தில் எழுதியதில் சத்தார் பாய்க்கு ஆணி மட்டும்தான் தெரியும். ஸ்கூட்டர் மெக்கானிக் மூன்று பேரைக் கேட்டேன், மூன்று பதில் வந்தது. காலி டின்னை முகர்ந்து பார்த்தேன். மீன் வாடைதான் வந்தது.

மோட்டார் இப்போது கொல்லையில் தண்ணீர் டிரம்முக்குள் நிற்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் குழாய் வருகிற இந்தக் காலனியில் ஒரு டிரம் தண்ணீரை இதற்கு ஒதுக்கியிருப்பதைப் பக்கத்து வீட்டில் குறையாகப் பேசுகிறார்கள். பேசட்டும். தினமும் போய்ப் பக்கத்தில் நிற்கிறேன். கயிற்றைக் கையில் எடுக்கிறேன். இழுக்க முடியவில்லை. இன்னொரு சோடிப் பல்சக்கரம் இந்த ஊரில் இல்லை. இதையும் கெடுத்தால் அவ்வளவுதான். கிளம்பிவிட்டாலும் பயம். டிரம்மில் ஓடுவது நடுநீரிலும் ஓடும் என்று எதை வைத்து நம்புவேன்? ஸ்டீல் ஆணியும் மூன்று மாதம் நன்றாகத்தானே ஓடியது.

நம் மகள் ஸ்டெல்லா தெலுங்கிலேயே சொல்லிவிட்டாள்: "வதிலெய் மம்மி." விட்டுவிடு என்கிறாள். "யூ ஆர் நாட் எ மெக்கானிக். டாடியே இருந்தாலும் விட்டிருப்பார்." நீங்கள் விட்டிருப்பீர்களா? சிஸ்டர் விடவில்லை. "ரெடியானதும் சொல்லுங்கம்மா, வந்து மாட்டிக்கிறேன்" என்கிறார். யார் செய்தது என்று தெரிந்தும் சொல்கிறார். அக்கரையில் இரண்டு பெண்களுக்கு வரும் மழைக்காலத்தில் பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கிறதாம். பேச்சுவாக்கில்தான் சொன்னார்.

நேற்று ஒன்று நினைவுக்கு வந்தது. சரிசெய்த மோட்டாரைத் திருப்பிக் கொடுக்கும்போது, அதன் கைப்பிடியில் ஒரு சீட்டு கட்டிவிடுவீர்கள். எதை ஊற்ற வேண்டும், எதை ஊற்றக்கூடாது என்று, பால் கவரில் சுற்றி, சணல் போட்டு. சிஸ்டரின் சீட்டு எப்போதோ தண்ணீரில் போய்விட்டது. ஆனால் உசேன் சாகரில் மீன் பிடிக்கிறவர்களிடம், சைனிக்புரியில் ரிட்டையரான ராணுவக்காரர்களிடம், நம் பங்கிலேயே சிலரிடம் உங்கள் மோட்டார்கள் இருக்கின்றன. ஒன்றிலாவது சீட்டு மிஞ்சியிருக்காதா? அதன் ஓரத்தில் பென்சில் இருக்காதா?

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கிடைப்பதை அப்படியே எழுதுவேன். ஒற்றெழுத்து விட்டிருந்தால் விட்டபடி, தெருப்பேச்சு இருந்தால் இருந்தபடி. ஓரத்தில் இருப்பதை முதலில் எழுதுவேன். அந்த இரண்டு பெண்களுக்கு நாள் நெருங்குவதற்குள், நானே கயிற்றை இழுத்து, நானே அந்தப் படகில் உட்கார்ந்து, அக்கரை வரை போய்த் திரும்புவேன். அதற்குப் பிறகுதான் சிஸ்டரை ஏறச் சொல்வேன்.

பம்புக்கு எது, பெட்ரோலில் எது, கியர் பெட்டிக்கு எது. நீங்களோ, உங்கள் சீட்டை வைத்திருக்கிற யாரோ, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஹவ் அல்லது நக்கோ என்று எழுதி, பங்கு அலுவலகத்தில் என் பெயருக்குக் கொடுத்துவிடுங்கள். வாய்மொழியாகச் சொல்லியனுப்ப வேண்டாம். தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.

உங்கள் மனைவி,
ஸ்டெல்லா அம்மா