தனபால் வீட்டுச் சுவருக்குள் இருக்கும் என் செங்கல்

அனுப்புநர்:
மைதிலி, க/பெ. அன்பழகன்,
கிழக்குக் காட்டுவளவு,
நாமகிரிப்பேட்டை,
நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
காவல் ஆய்வாளர் அவர்கள்,
நாமகிரிப்பேட்டை.

பொருள்: வீடு கட்ட நான் வாங்கிய சேம்பர் செங்கல்லைத் திருடித் தன் வீட்டைக் கட்டிக்கொண்ட ஒப்பந்ததாரர் தனபால் மீது, அவருடைய புதுமனை புகுவிழா நாளன்றே நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் வடக்கே போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை பார்ப்பதால் வீடு கட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கட்டித் தர ஒப்புக்கொண்ட தனபால், என் கணவரின் பெரியப்பா மகன். ஹாலோ பிளாக் போதும் என்றார். பிறகு சாம்பல் கல் என்றார். கடைசியில், ஏதோ சூளையில் கழித்துப் போட்ட நாட்டுக்கல் மலிவாக வருகிறது என்றார். நான் ஒவ்வொன்றிலும் ஒரு கல் கொண்டுவந்து தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டேன். நாட்டுக்கல் கையோடு கரைந்து வந்தது. ஆத்தூர்ப் பக்கம் மாரியப்பன் சூளையில் சீராகச் சுட்ட சேம்பர் கல் மட்டும்தான் ஊறிய பிறகும் தட்டினால் கணீரென்றது. அதையே வாங்கி இறக்கினேன். "அம்மணி, கல்லப் பத்தி உனக்கென்ன தெரியும், நீ போயி கெழங்குக் காட்டப் பாரு" என்று கொத்தனார்கள் முன்னிலையில் சொன்னார்.

2. ஜன்னல் மட்டம் வரை என் கல்லில்தான் சுவர் ஏறியது. அப்போது பங்காளி வீட்டில் ஒரு சாவு. கருமாதி முடியும்வரை கட்டடத்தில் கால் வைக்கக் கூடாது என்று தனபால்தான் எனக்குச் சொன்னார். அவருக்கும் அதே தீட்டுதான் ஐயா. நான் வீட்டோடு அடங்கிக் கிடந்தேன். அவரோ ஆள் வைத்து என் கல்லை ஏற்றிக்கொண்டு போய், அந்த அரைவேக்காட்டு நாட்டுக்கல்லில் மேல்சுவரை எழுப்பி, அவசரமாகப் பூச்சும் பூசிவிட்டார். தீட்டில் ஏன் வேலை நடந்தது என்று கேட்டதற்கு, மழைக்கு முன் முடிக்க வேண்டியிருந்தது, வேலையாட்களுக்குத் தீட்டு இல்லை என்றார். பூச்சுக்குள் இருப்பது என் கல்தான் என்று நம்பினேன். சாவை வைத்துமா ஒருவர் திருடுவார்?

3. வைகாசியில் புதுமனை புகுவிழா. முந்தின நாள் மழையில் ஊறியிருந்த கூடத்துச் சுவர், பந்தி நடக்கும்போதே பூச்சோடு பெயர்ந்து இலைகளில் விழுந்தது. தனபால் எழுந்து நின்று, "பொம்பள பாத்து எடுத்த கல்லுங்க, நான் அப்பவே சொன்னனுங்க" என்றார். ஊரே சிரித்தது. கல் மண்ணாகக் கரைந்திருந்ததால், அது என் கல் இல்லை என்று அப்போது என்னால் காட்ட முடியவில்லை. அன்று முதல் என் கணவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

4. சென்ற மாதம் தனபாலின் புது வீட்டில் மின்சாரக் குழாய் பதிக்கச் சுவரைக் கொத்தினார்கள். தெருவில் கொட்டிய துண்டுகளில் மாரியப்பன் சூளையின் முத்திரை இருந்தது. எங்கள் ஊரில் என்னைத் தவிர வேறு யாருக்கும் கல் தரவில்லை என்று சூளைக்காரர் சாட்சி சொல்ல வருகிறார்.

சுவரைத் திரும்பக் கட்டித் தரச் சொல்கிறோம், விட்டுவிடு என்று உறவினர்கள் பேசிப் பார்த்தார்கள். எனக்குச் சமாதானம் வேண்டாம். வயிறு எரிகிறது ஐயா, அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

வரும் வியாழக்கிழமை (04.09.2025) அவருக்குப் புதுமனை புகுவிழா. தாங்கள் பந்தி நடக்கும் நேரத்தில் வந்து, கூடத்துச் சுவரில் ஒரு முழம் பூச்சை உரித்துப் பார்க்க வேண்டுகிறேன். முன்னதாக வந்தால் கூட்டம் சேர்ந்திருக்காது. முத்திரை தெரிந்தால் வழக்குப் பதிந்து, என் கல் அத்தனையும் பெயர்ந்து என் வாசலுக்கு வர வழி செய்ய வேண்டும். ஈடாக வேறு எதைக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

எனக்கும் பத்திரிகை வைத்திருக்கிறார். என் கணவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, இலையில் கை வைக்காமல் தங்களுக்காகக் காத்திருப்பேன்.

இடம்: நாமகிரிப்பேட்டை
நாள்: 30.08.2025

இப்படிக்கு,
அ. மைதிலி