நீலப் போர்வையின் பெயர் அட்டை

மார்ச் 4, திங்கள்

தையல் அறையில் நடக்க இடமில்லை என்று மகள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். "ஒரு வருஷமா தொடாத துணி எல்லாம் வெளிய போகணும்மா." மூன்று மூட்டை துண்டுத்துணி இருக்கிறது. ஒன்றைப் பிரித்து, எது போகலாம் என்று பார்க்க உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து அவள் எட்டிப் பார்த்தபோது மூட்டை முன்பைவிடப் பெரிதாக இருந்தது. எப்படி என்று எனக்கும் தெரியவில்லை.

புதுப் போர்வைக்கு இன்று துண்டுத்துணியில் ஒன்பது கட்டங்கள் இணைத்தேன். மஞ்சளுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறம். பொருந்துமோ என்று பயந்தேன். பொருந்திவிட்டது.

மார்ச் 5, செவ்வாய்

இன்னும் பதினொரு கட்டம். கழுத்து பிடித்துக்கொண்டது.

மார்ச் 6, புதன்

அவருக்கு இன்று விடுமுறை. லிப்ட் பழுது பார்க்கிறவருக்கு விடுமுறை கிடைப்பதே அபூர்வம். எங்கேயோ ஒருவர் நடுவில் மாட்டிக்கொண்டுதான் இருப்பார். மூவரும் ஏரிக்குப் போனோம். படகில் ஏறினால் மகள் துடுப்பு போட, படகு அதே இடத்தில் வட்டமடித்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்படிச் சிரித்துப் பார்த்து நாளாயிற்று.

அப்புறம் மழை. ஓடிப்போய் ஒதுங்கியது நூலகக் கட்டடத்தில். கீழ்த்தளத்து ஹாலில் கைவேலைக் கண்காட்சி. சும்மா பார்ப்போம் என்று நுழைந்தோம்.

நேர் எதிரே என் நீலப் போர்வை தொங்கியது.

என்னுடையதுதான். ஏழு மாதம் தைத்தது. நாத்தனார் வீடு மாறியபோது, போன வருஷம், என் கையால் மடித்துக் கொடுத்தது. பக்கத்தில் அட்டை. நாத்தனாரின் முழுப்பெயர். 'ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. சொந்தக் கைவேலை.' மேலே சிவப்பு ரிப்பன், முதல் பரிசு.

"அத்தைக்கு ஊசியில நூல் கோக்கவே தெரியாதே" என்றாள் மகள், கொஞ்சம் சத்தமாகவே.

அவர் என் முழங்கையைப் பிடித்தார். "அக்கா தெரியாம பண்ணியிருப்பா."

"தெரியாமப் போய் பரிசு வாங்கிட்டு வந்தாங்களா?"

"வெளிய பேசினா அசிங்கம் நமக்குத்தான். விட்டுடு."

திரும்பி வரும் வழியெல்லாம் மழை. வண்டிக் கண்ணாடியைத் துடைக்கிற சத்தம் மட்டும்.

மார்ச் 7, வியாழன்

விட்டுடு. விட்டுடு. விட்டுடு. நான் என்ன கையில் குருவியையா பிடிச்சு வெச்சிருக்கேன், விடறதுக்கு?

இன்று தைத்தது எல்லாம் கோணல். நாலு கட்டத்தையும் பிரித்துப் போட்டேன்.

ஒரு பக்கம் தோன்றுகிறது — கொடுத்தது கொடுத்ததுதானே? அவள் பொருள், எங்கே வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளட்டுமே? ஆனால் நான் கொடுத்தது போர்வையை. தைத்ததைக் கொடுக்கவில்லை. அதை எப்படிக் கொடுக்க முடியும்? அந்த ஏழு மாதம் ஊசி யார் விரலில் ஏறியது?

மார்ச் 8, வெள்ளி

நாத்தனாரே வந்தாள். கையில் பழப்பை. நாங்கள் கண்காட்சிக்குப் போனது அவளுக்குத் தெரியாது. தையல் அறைக்கே வந்து, என் மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். இந்த அறைக்குள் அவள் வந்ததே இதுதான் முதல் தடவை.

"ஒரு சின்ன உதவிம்மா. இந்தத் தையலோட அடிப்படை மட்டும் ரெண்டு நாள்ல காட்டிக்குடேன்."

"எதுக்கு அண்ணி?"

நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை பரிசு பெற்றவர் வகுப்பு எடுக்க வேண்டுமாம். இருபது பேர் பெயர் கொடுத்துவிட்டார்களாம். இதை அவள் சுற்றி வளைத்து, தொண்டையைச் செருமி, ஏதோ ஊருக்குச் சேவை மாதிரி சொல்லி முடித்தாள்.

"புதன்கிழமை நாங்க அங்க வந்தோம் அண்ணி. அட்டையைப் பார்த்தேன்" என்றேன்.

பழப்பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "வீட்டுக்கு வந்தவ ஒருத்தி 'நீங்களா தைச்சீங்க'ன்னு கேட்டா. நான் சும்மா சிரிச்சேன். அது ஆமான்னு ஆயிடுச்சு. அவதான் கண்காட்சிக்குக் குடுங்கன்னா… பள்ளிக்கூடத்தை விட்டு வந்து ரெண்டு வருஷமாச்சு. யாருமே என்னை ஒண்ணும் கேக்கறதில்ல."

மனசு இளகிவிட்டது. நிஜமாகவே. ஊசியை எடுத்து அவள் கையில் கொடுக்கவே போனேன். அப்போது சொன்னாளே:

"நீ வீட்லயே இருக்கறவ. உனக்கு எதுக்கும்மா இந்தப் பேரெல்லாம்?"

இளகினது அப்படியே இறுகிப்போச்சு.

"கத்துக்குடுக்க மாட்டேன் அண்ணி. ஞாயித்துக்கிழமை வகுப்பு எடுக்க நானே வர்றேன். தைச்சது யாருன்னு அதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க. இல்லன்னா இருபது பேர் முன்னாடி நீங்களே தைச்சுக் காட்டுங்க. நான் முதல் வரிசையில உக்காந்து பாக்கறேன்."

இருபத்தாறு வருஷத்தில் அவளிடம் நான் இவ்வளவு நீளமாகப் பேசியது இல்லை. குரல் நடுங்கவில்லை. அது போதும்.

மார்ச் 9, சனி

சாப்பிட உட்கார்ந்தபோது அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "என்னைப் படிக்க வெச்சதே அக்காதான்."

தெரியும். நூறு தடவை கேட்டிருக்கிறேன். பொய்யும் இல்லை. "அந்த நன்றி உங்களுது. அதுல என் கையையும் சேர்த்துத் தைக்காதீங்க" என்றேன். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள்.

கல்யாணமான புதிதில் துணிக்கடை வேலையை விடச் சொன்னார்கள், விட்டேன். முன்னறையில் தையல் மிஷின் இருப்பது நன்றாக இல்லை என்றார்கள், பின்னறைக்கு வந்தேன். நல்ல மருமகள் என்று பெயர் எடுத்தேன். அந்தப் பெயரை வைத்து ஒரு பொத்தான்கூடத் தைக்க முடியாது. விடத்தான் வேண்டும் என்றால் அதை விடுகிறேன்.

நாளை வகுப்பு. மூன்று மூட்டையையும் கொண்டு போகப் போகிறேன்.

மார்ச் 10, ஞாயிறு

காலையில் மூட்டைகளைத் தூக்கப் போனால் இரண்டைக் காணோம். அவர் ஏற்கெனவே வண்டியில் வைத்துவிட்டிருந்தார். மூன்றாவதைத் தோளில் போட்டுக்கொண்டு, "நேரமாச்சு" என்றார். அவ்வளவுதான்.

ஹாலில் அட்டை அப்படியே இருந்தது. அதே பெயர். நாற்காலிகள் நிறைந்துவிட்டன. நான் சொன்னபடியே முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

நாத்தனார் வந்தாள். மடிப்புக் கலையாத உடை, நிமிர்ந்த நடை. போர்வைக்கு முன்னால் நின்றாள். பள்ளி மைதானத்தில் கேட்குமே, அந்தக் குரல்.

"இந்தப் போர்வையை நான் தைக்கல."

போர்வையின் ஓரத்தைக் கையால் பிடித்தாள்.

"தைச்சது என் தம்பி மனைவி. முன்னாடி உக்காந்திருக்கா. நான் பொய் சொன்னேன். பரிசு அவளுது."

பையிலிருந்து பேனாவை எடுத்து, அட்டையில் தன் பெயரை அடித்து என் பெயரை எழுதினாள். எழுத்து ஒன்றுகூடக் கோணவில்லை. பிறகு நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வெளியே போய்விட்டாள். என்னைப் பார்க்கவே இல்லை.

எழுந்து நின்றேன். ஊசியில் நூல் கோக்கப் போனால் மூன்று தடவை தவறியது. யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் எல்லாம் தானாக வந்தது. துணியை எப்படி வெட்டுவது, பஞ்சை எப்படிப் பரப்புவது, மூன்று அடுக்கையும் நழுவாமல் எப்படிப் பிடிப்பது. இவ்வளவு எனக்குத் தெரியும் என்று எனக்கே தெரியாது. மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டி, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். திரும்பும்போது வெறும் சாக்கு மூன்று. வலிக்கும் என்று நினைத்தேன். வலிக்கவில்லை.

மார்ச் 11, திங்கள்

"அக்கா போனை எடுக்கல. இப்ப சந்தோஷமா உனக்கு?" என்று கேட்டார்.

சந்தோஷம் இல்லை. ஆனால் தப்பு செய்த மாதிரியும் இல்லை. அதையே சொன்னேன்.

மார்ச் 13, புதன்

நூலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். வாரா வாரம் எடுப்பீர்களா என்று. யாரையும் கேட்காமல் சரி என்றேன்.

மார்ச் 17, ஞாயிறு

இரண்டாவது வகுப்பு. இருபத்துமூன்று பேர். பாதியில் கதவு திறந்தது. தலை தூக்கவில்லை, கடைசி நாற்காலி இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கம் போனேன்.

நாத்தனார். மூக்குக் கண்ணாடியை நுனிக்குத் தள்ளி, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு துண்டு பச்சைத் துணியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். தையல் ஆடு மேய்ந்த வரப்பு மாதிரி போயிருந்தது. அடுத்த வரிசைக்கு நகர்ந்தேன்.

பின்னாலிருந்து அந்தப் பள்ளி மைதானத்துக் குரல். "டீச்சர், முடிச்சு நிக்கவே மாட்டேங்குது."

யாரைக் கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கையைத் தூக்கியபடி.