கீழ்நோக்கிப் பிடித்தால் நழுவும் லென்ஸ்

பிப்ரவரி 6

அன்புள்ள அம்மாவுக்கு,

பழைய கேமரா கடையில் உன் ஃபிலிம் கேமராவுக்குப் பொருந்தும் ஜூம் லென்ஸ் ஒன்று கிடைத்தது. அனுப்பியிருக்கிறேன். படியில் விழுந்து ஆபரேஷன் ஆன பிறகு நீ வாசலைத் தாண்டுவதே இல்லை என்கிறார் கீழ்வீட்டு டெய்லர். நீயோ வாரம் தவறாமல் ஆற்றுப்பக்கம் போய் வருவதாகச் சொல்கிறாய். யாரை நம்புவது? வெளியே போய் ஒரு ரோல் எடுத்து அனுப்பு. லென்ஸ் எப்படி என்றும் எழுது. போனது உண்மை என்று தெரிந்தால், எங்களோடு வந்து இரு என்று இனி நச்சரிக்க மாட்டேன். இல்லையென்றால் மார்ச்சில் வந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். உன் மருமகள் ஓர் அறையை ஒழித்தே வைத்துவிட்டாள்.

உன் மகன்

பிப்ரவரி 19

அன்பு மகனுக்கு,

ஸ்டுடியோ நடத்தியவளுக்கே பரீட்சை வைக்கிறாய். இருக்கட்டும். ஆற்றங்கரையில் ஆற அமர நடந்து எடுத்தேன். தூண்டில்காரர் ஒருவர் ஆடாமல் அசையாமல் நின்றிருந்தார். லென்ஸைச் சோதிக்க அவரைவிட நல்ல ஆள் கிடைக்காது. ரோலை அனுப்பியிருக்கிறேன், அங்கேயே கழுவிக்கொள். லென்ஸ் சுமார்தான். வெயிலுக்கு எதிரே பிடித்தால் வெளுக்கிறது. கீழ்நோக்கிப் பிடித்தால் குழல் தன் கனத்தில் தானே நழுவி ஜூம் மாறிவிடுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் இறுக்கிப் பிடித்துப் பிடித்துக் கை கடுத்துவிட்டது. கடைக்காரர் உன் தலையில் கட்டிவிட்டார். டெய்லர் பேச்சைக் கேட்காதே. அவர் யாருக்கும் அளவே ஒழுங்காக எடுத்ததில்லை.

அம்மா

மார்ச் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

ரோல் கழுவி வந்தது. ஒரு படம்கூட வீணில்லை. ஆனால் ஆற்றங்கரையில் நடந்தவள் எதற்கு ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்தாள் என்று உன் கடிதத்தைப் படித்தபோதே உறுத்தியது. படத்தில் தூண்டில்காரரின் உச்சந்தலை வழுக்கை முழுசாகத் தெரிகிறது. நீ அவ்வளவு உயரமில்லை, அம்மா. எல்லாமே ஆற்றைப் பார்த்த உன் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து எடுத்தவை. பொய்யை மட்டும் சொல்லிவிட்டு, லென்ஸின் குறையைச் சொல்லாமல் இருக்க உன்னால் முடியவில்லை. உன் மருமகள் சிரித்தாள். எனக்குப் பயமாக இருந்தது. இருபதாம் தேதி வருகிறேன். துணிமணி எடுத்து வை.

உன் மகன்

மார்ச் 9

அன்பு மகனுக்கு,

மறுக்கவில்லை. உன் கடிதம் வந்த மறுநாள் கேமராவை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். இரண்டாம் மாடி வரை இறங்கினேன். விழுந்தது அங்கேதான். கைப்பிடியை விட முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே வந்த டெய்லர், "என்னம்மா, போட்டோ எடுக்கவா உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நம்பியதுபோலக் காட்டிக்கொண்டு போனார். நல்ல மனுஷர்தான்.

காலில் வலி இல்லை. பயம்தான். உன் வீட்டில் படியே கிடையாது. அங்கே வந்துவிட்டால் நான் பயப்பட வேண்டியதே இல்லை. வந்துவிட்டால் பிறகு எந்தப் படியிலும் இறங்கவும் மாட்டேன். அது எனக்குத் தெரியும்.

துணிமணி எதுவும் எடுத்து வைக்கவில்லை. இருபதாம் தேதி அவசியம் வா. கூட்டிக்கொண்டு போக வராதே. கீழே இறங்கக் கை கொடுக்க வா.

அம்மா