கூரை திறக்கும் வண்டி இரண்டு

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. கடை ஷட்டர் ஈரம். தகடு லோடு ஒன்று வந்தது, ஒன்று போனது. சாத்தாங்காடு இரும்புச் சந்தைச் சத்தம் வழக்கம்போல.

மதியம் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தபோது புரோக்கர் சேகர் போன். காசிமேட்டுக்காரன், பழைய வண்டி வியாபாரம். தம்பி செல்வத்தின் வேனை விற்றுக் கொடுத்தவன். அன்றைக்கே எனக்கும் ஒரு வண்டி பார்க்கட்டுமா என்று நச்சரித்தான். தொல்லை ஒழியட்டும் என்று, கூரை இல்லாத வண்டி இருந்தால் கொண்டுவா என்றேன். கிடைக்காது என்ற தைரியம். இரண்டு கிடைத்திருக்கிறதாம்.

"நீ கேட்ட மாரியே கீது அண்ணாச்சி. மேல தொறந்தா வானம். சனி ஞாயிறு ஷோக்கா சுத்தலாம், வந்து பாரு."

வேண்டாம் என்று சொல்லக்கூடச் சோம்பல். சரி என்று வைத்தேன். கோமதி (மனைவி, இனி கோ.) பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டுவிட்டாள். பிடித்துக்கொண்டாள். வாங்கியே ஆக வேண்டுமாம்.

இரண்டு வாய்ச் சோற்றோடு எழுந்தேன். இரவு ஒரு தோசை, அவ்வளவுதான்.

பிப். 5, வியாழன்

முதுகு வலி. மின்சாரம் இல்லை, பதினோரு மணிவரை.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சேகரின் கொட்டகை. வண்டி இரண்டும் பார்த்தேன்.

சிவப்பு: இரண்டே சீட். துணிக் கூரை, கையால் மடிக்க வேண்டும். கியர் வண்டி. உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி.
வெள்ளை: பட்டனை அமுக்கினால் தகட்டுக் கூரை தானாக மடிந்து டிக்கிக்குள் போகிறது. பின்னால் சீட் உண்டு, கால் வைக்க இடம் இல்லை. கியர் தொல்லை கிடையாது. ஏசி நன்று.
இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றே. அதை வைத்தும் முடிவுசெய்ய வழியில்லை.

சட்டைப்பையில் தம்பி செ.வின் (செல்வம்) காந்தம். பழைய தகடு பார்க்கப் போனால் அவன் அதை எடுக்காமல் போக மாட்டான். ஒட்டினால் இரும்பு, நழுவினால் உள்ளே புட்டி, நசுங்கலை மறைக்கப் பூசும் பசை. வெள்ளையில் எல்லா இடத்திலும் ஒட்டியது. சிவப்பில் இடது கதவில் நழுவி விழுந்தது. எங்கேயோ வாங்கிய இடி. சேகர் பார்த்தும் பாராத மாதிரி டயரைத் தட்டினான். காந்தத்தை எடுத்துப் பையில் போட்டேன்.

கணக்குப்படி வெள்ளை. ஆனால் வேண்டும் என்று தோன்றவில்லை. சிவப்பும் தோன்றவில்லை. எதுவும் தோன்றவில்லை.

செ. இருந்தால் நான் வெள்ளை என்பேன், அவன் சிவப்பு என்பான். கடைக்கு ஒரு மின்விசிறி வாங்கக்கூட இரண்டு நாள் சண்டை. முப்பது வருஷம் அப்படித்தான் கடை நடந்தது. போன மழைக்காலத்தில் கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். அதற்குப் பிறகு யாரும் என்னை மறுத்துப் பேசவில்லை. எல்லாரும் "நீங்க சொன்னா சரி அண்ணாச்சி."

பிப். 6, வெள்ளி

வெயில். கோ. அம்மன் கோயில்.

சிவப்பை ஓட்டிப் பார்த்தேன். எண்ணூர் ரோடு, காத்திவாக்கம் வரை. சேகர் பக்கத்தில், வாய் ஓயவில்லை. டிரெய்லர் வரிசை நகரவே இல்லை. துறைமுகத்துக்குப் போகிறவை, புகை கக்கிக்கொண்டு. வண்டி அவ்வளவு தாழ்வு, டிரெய்லர் சக்கரம் என் காது உயரம். மேலேயிருந்து ஒரு கிளீனர் எட்டிப் பார்த்தான்.

"இன்னா நைனா, மேல மூடு. கரி வுழுது பாரு."

மடியில் பார்த்தேன். வேட்டி முழுக்கக் கறுப்புப் பொடி. தட்டிவிடத் தோன்றவில்லை. அப்படியே ஓட்டினேன். கழிமுகத்தில் இறால் பிடிப்பவர்கள் இடுப்பளவு தண்ணீரில். கொஞ்ச நேரம் நிறுத்தினோம். சேகர் எப்படி என்றான். நல்லா இருக்கு என்றேன். சும்மா சொன்னது.

கழுத்தில் எண்ணெய்க் கரி, இரண்டு முறை சோப்பு. டீத்தூள் வாங்க மறந்தேன்.

பிப். 7, சனி

வெள்ளை. கோ.வும் வந்தாள், பட்டுப்புடவை. ராயபுரம் வரை. சிக்னலில் பட்டனை அமுக்கினேன், கூரை எழுந்து மடிந்தது. மீன்காரம்மாக்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை. மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருத்தி கேட்க, குடை பிடிப்போம் என்றாள் கோ. சிரிப்பு. நானும் சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டேன்.

வீடு திரும்பினோம். ஞாயிறு முழுக்க ஓட்டிப் பார்க்கட்டும் என்று சேகர் வண்டியை எங்கள் வாசலிலேயே விட்டுப் போனான். எது பிடித்திருக்கிறது என்று கேட்டான். எதுவானாலும் சரி என்றேன். அவன் போனதும் கோ. அழுதாள்.

"வண்டி எனக்கெதுக்கு? இது எனக்கு வேணும்னு ஒத்த வார்த்த உங்க வாயிலருந்து வரட்டும். தம்பியோட சேந்து நீங்களும் போயிட்டியளோன்னு பயமா இருக்கு."

பாவம் அவள். அதுகூட நினைத்ததுதான், உணரவில்லை.

எந்த வண்டி என்று நாளை சாமி முன்னால் பூக் கட்டிப் பார்க்கலாம் என்றாள். சரி என்றேன்.

பிப். 8, ஞாயிறு

காற்று. துணிகள் மாடியில் பறந்தன.

குளித்துவிட்டு சாஸ்தா படத்துக்கு முன்னால். சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம். இரண்டும் ஒரே மாதிரித் தாள். கோ. கண்ணை மூடிக் குலுக்கிப் போட்டாள். ஒன்றை எடுங்கள் என்றாள். எடுத்தேன். பிரித்தேன்.

வெள்ளை.

"ச்சே" என்றேன். நான்தான். சாமி முன்னால்.

கோ. என்னைப் பார்த்தாள். மற்றப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன், ஏதாவது கோல்மாலா என்று. சிவப்புதான் இருந்தது. மறுபடி போடு என்றேன்.

"சாமிகிட்ட ரெண்டாந்தடவ கேக்கப்பிடாது."

"கேட்டா என்ன? எனக்குச் சிவப்பு வேணும்."

"கதவுல புட்டின்னு நீங்கதான சொன்னீங்க?"

"புட்டி இருந்தா இருந்துட்டுப் போகுது. எனக்கு அதுதான் வேணும்."

மறுபடி போட மாட்டேன் என்றாள். நான் கத்தினேன். அவளும் கத்தினாள். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள், கேட்பதற்கு. செல்வம் மாதிரியே குறுக்கே பேசாதே என்றேன்.

அவன் பெயரை வாய்விட்டுச் சொன்னது போன மழைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், மூக்கு ஒழுக, பூஜை அறை வாசலில். யார் இதைப் படிக்கப் போகிறார்கள், எழுதி வைக்கிறேன். கோ. பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையைக் கொடுத்தாள். ஆனால் மறுபடி பூப் போடவில்லை. பிடிவாதக்காரி.

முகம் கழுவிவிட்டு சேகருக்குப் போன் போட்டேன். சிவப்பு என்றேன்.

"பேஜாரு பண்ற அண்ணாச்சி. எதுனாலும் சரின்னு நீதான சொன்ன? அத்த நேத்து ராவே ஒர்த்தரு எட்த்துகினு பூட்டாரு."

போனை வைத்தேன். கோ.விடம் சொன்னேன். சாஸ்தா படத்தை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது.

ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. சேகர் மேல், வாங்கியவர் மேல், இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்த என் மேல். தோசை நான்கு. கேட்டு வாங்கி.

பிப். 9, திங்கள்

பனி இல்லை. கடைக்குப் போகவில்லை, கணக்கப்பிள்ளை பார்த்துக்கொள்வார்.

சிவப்பை வாங்கியவர் காத்திவாக்கத்தில் இறால் வியாபாரியாம். சேகரை நச்சரித்து விலாசம் வாங்கிவிட்டேன். கொடுப்பாரோ மாட்டாரோ. நேரில் பேசிப் பார்க்க வேண்டும்.

கோ.விடம் சொன்னேன், திட்டுவாள் என்று நினைத்தேன். எதில் போவீர்கள் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். சாவியை எடுத்துக் கையில் வைத்தாள், வெள்ளையின் சாவி.

"இதுலயே போய்க் கேளுங்க. நானும் வாரேன். அவரு குடுக்க மாட்டாரு, பாத்துக்கிடுங்க."

கொடுப்பார் என்றேன். மாட்டார் என்கிறாள். படி இறங்குவதற்குள் இரண்டு சுற்று சண்டை முடிந்தது. இப்போது செருப்புத் தேடுகிறாள், அந்த நேரத்தில் இதை எழுதுகிறேன். காந்தத்தை மேஜையிலேயே விட்டுவிட்டேன். கூரையைத் திறந்துகொண்டுதான் போகப் போகிறேன். கரி விழுந்தால் விழட்டும்.