வாளிக்கு ஒரு கரண்டி மருந்து

மார்ச் 4
பால் மறக்கடித்த பன்றிக்குட்டிகள் பதினான்கும் நன்றாகத் தின்றன. வழக்கம்போல் தீனியில் நானே மருந்துப் பொடியைக் கலந்தேன், வாளிக்கு ஒரு கரண்டி. நோய் எதுவும் இல்லை, வராமல் இருக்கத்தான். ஆறு வருஷப் பழக்கம். கொட்டகைக் கதவில் என் வீட்டுக்காரருக்கு ஆள்காட்டி விரல் கிழிந்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு பன்றிகளைக் கழுவப் போய்விட்டார்.

மார்ச் 7
விரல் வீங்கிவிட்டது. இந்த மனுஷன் செய்த காரியத்தை எங்கே போய்ச் சொல்ல? குட்டிகளுக்கான பொடியையே மூன்று நாளாகப் புண்ணில் தூவிக் கட்டியிருக்கிறார்! "அதுங்களுக்குக் கேக்குது, எனக்குக் கேக்காதா?" என்கிறார். அதுங்களுக்கு இருக்கிற அறிவு இவருக்கு இல்லை.

மார்ச் 10
காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. சீழைப் பஞ்சில் தொட்டுச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

மார்ச் 13
டாக்டரம்மா சோதனைத் தட்டின் படத்தைக் காட்டினார். எட்டு மருந்து வைத்துப் பார்த்ததில் ஏழு மருந்தைச் சுற்றிலும் கிருமி புல் மாதிரி மண்டிக் கிடக்கிறது. ஒன்றைச் சுற்றி மட்டும் கொஞ்சம் வெற்றிடம்.

"பண்ணையில என்ன மருந்து குடுக்கறீங்க?"

சொன்னேன்.

"தினமும் கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா கிருமியில சாகறது செத்துடும்மா, தாங்கறது பெருகும். அதுதான் இப்ப இவர் விரல்ல இருக்கு."

அந்த ஒரு மருந்தும் கேட்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்குமாம்.

கலந்தது யாரு? நான்தானே. என் கையால, ஆறு வருஷமா — எதுக்குன்னு ஒரு நாளாவது கேட்டேனா?

மார்ச் 14
ஊசி ஆரம்பித்தார்கள். பொடி டப்பாவை நான் திறக்கவில்லை.

மார்ச் 17
மாட்டு டாக்டரை வரவழைத்தேன். பார்ப்பதெல்லாம் பன்றிதான், பெயர் மட்டும் மாட்டு டாக்டர். "நிறுத்தினது நல்லது. ஆனா மருந்து செஞ்ச வேலைய இனிமே நீங்க செய்யணும்," என்றார். மூன்று வாரத்தில் தாயிடமிருந்து பிரிக்காமல் ஐந்து வாரம் விட வேண்டும். தரை ஈரமில்லாமல் இருக்க வேண்டும். நோய் கண்டால் மட்டும், அவரைக் கேட்டு, முழு அளவு மருந்து.

ஐந்து குட்டிகளுக்குக் கழிகிறது. கை டப்பா வரைக்கும் போய்த் திரும்பியது.

மார்ச் 20
வீக்கம் வடிகிறது! காய்ச்சலும் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். இவருக்கு நகத்தோடு போயிற்று. குட்டிகளில் ஒன்று செத்தது. மற்ற நான்கும் எழுந்து தொட்டியில் முட்டிக்கொள்கின்றன.

மே 9
புதிதாய்ப் பிறந்த பதினொன்றையும் ஐந்து வாரம் கழித்து இன்றுதான் பிரித்தோம். வெறும் தீனி. பதினொன்றும் தின்றன.

சாயங்காலம் மாட்டு டாக்டர் வேறொரு பண்ணையிலிருந்து நேரே வந்தார். கொட்டகைக்குள் காலை வைக்கப் போனவரை, தண்ணீர்க் குழாயும் கையுமாக இவர் மறித்தார்.

"பூட்ஸக் கழுவிட்டு வாங்க டாக்டர். உள்ள புள்ளைங்க இருக்கு."