ஒரு நிறக் கொடி, நாலு நிறக் கொடி

1907 மார்ச் 4, திங்கள். புழுக்கம்.

நானாவிடம் இன்று சொல்லாதது: அவர் நேற்றுத் தைத்த கொடியைப் பிரித்து நான் திருத்தினேன். நாலு முக்கோணம், நாலு நிறம். கறுப்பும் நீலமும் இடம் மாறியிருந்தன. கடலில் ஒரு கொடி ஓர் எழுத்து. தப்பாகத் தைத்தால் எதிர்க் கப்பல் என்ன படிக்கும்?

நானா, என் அண்ணன், தாம் கொடி தைக்கும் கப்பல் சாமான் கடையில் பரணிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு இருபது நாள். இருட்டறையில் கிடக்கட்டும் என்றார் டாக்டர். கிடந்தார். பேச்சே குறைந்துபோயிற்று. ஊசியும் துண்டுத் துணியும் கொடுத்த பிறகுதான் வாய் திறந்தார். வெள்ளிக்கிழமை முதலாளி வருகிறார். தேறவில்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள்.

மார்ச் 5. மாலை மழை.

கவனித்தவை:
– மஞ்சள் மட்டும் (நோய்க் கப்பல் கொடி): பிழையே இல்லை.
– இரண்டு நிறம்: காலையில் சரி. சிராங்கூன் சாலையில் மாட்டு வண்டிச் சத்தம் கூடியதும் தவறு.
– நாலு நிறம்: எப்போதும் த.வ. ஒருமுறை வாந்தி.

(த.வ. = தலைவலி. எழுதி எழுதிச் சலித்துவிட்டது.)

கை மறக்கவில்லை. பின் மறந்தது எது? வைத்தியப் புத்தகத்தில் தலைக்கு மருந்து உண்டு. எந்த வேலை, எவ்வளவு நேரம் என்று இல்லை.

மீன் குழம்பில் உப்பு அதிகம்.

மார்ச் 6.

வலி வருமுன்பே நிறுத்தச் சொன்னேன். கால் மணி தையல், அரை மணி கண்மூடல்.

"நீ என்னா டாக்டரா, மணியடிக்கிற வாத்தியாரா?" என்றார் நானா.

"ரெண்டும் இல்லே, எனக்கு வாய்ச்ச மாமியாரு" என்றாள் அவர் மனைவி, அடுப்படியிலிருந்து.

இரண்டு நிறம், மூன்று கொடி. பிழை இல்லை.

மார்ச் 7.

திருத்தியதைச் சொல்லிவிட்டேன். நானா அந்தக் கொடியை எடுத்து மடியில் விரித்தார். பிறகு, "எந்த நிறம் மாறிச்சு?" சொன்னேன். "எனக்கு சரியாத்தானே தெரிஞ்சிச்சு." அப்புறம் சாப்பிடவில்லை.

மார்ச் 8, வெள்ளி.

ஜும்ஆ தொழுகை முடிந்து முதலாளி வந்தார். திரை இடுக்கில் பார்த்தேன். அந்த நாலு நிறக் கொடியைத்தான் கையில் எடுத்தார்.

"பழைய கையி அப்படியே இருக்கே."

"அது தங்கச்சி சரிபண்ணுனது. நான் தைச்சது தப்பு" என்றார் நானா. "மஞ்சக் கொடி குடுங்க. ரெண்டு நிறம் காலையிலே மட்டும். நாலு நிறம் இப்ப வேணாம்."

முதலாளி கொடியின் மறுபக்கத் தையலையும் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நாலு நிறம் யாரு தைப்பா?"

நானா திரைப் பக்கம் திரும்பினார்.

மார்ச் 11, திங்கள்.

நானா ஏழு மணிக்குக் கடைக்குப் போனார். பத்தரைக்கு வந்து படுத்தார். ஆறு கொடிக்கான நாலு நிறத் துணி என் பெயருக்கு வந்தது.