ஓடியவரின் ரத்தம்

செப். 12, செவ்வாய்

காலையிலேயே அனல். விருதுநகர் லேபில் இவருக்கு ரத்தம் எடுக்கும் நாள். முட்டிகளை முறித்துப் போட்ட காய்ச்சல் போய்விட்டது. அது விட்டுச் சென்ற இதய அழற்சிதான் இன்னும். மதுரை டாக்டரம்மாவுக்கு இதயத் தசையைப் பற்றி மட்டுமல்ல, ரத்தக் குழாய்களின் உட்சுவர் பற்றியும் கவலை. அது புண்பட்டால் வி.டபிள்யூ.எஃப். என்ற புரதம் ரத்தத்தில் கூடுமாம். கூடியிருந்தால் மதுரையில் படுக்கை, ஸ்டீராய்டு. இல்லையென்றால் வீடு. விலங்கியல் படித்தவள் என்பதால் எனக்கு விளக்கமாகச் சொன்னார். படிக்காமலே இருந்திருக்கலாம்.

ஆமத்தூர் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது 'டமார்'. சிவகாசிப் பக்கம். டீக்கடை மொத்தமும் தெருவுக்கு வந்தது. எல்லார் கண்ணும் வானத்தில், புகையைத் தேடி. இவர் தம்பி முருகனுக்கு விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி வேலை.

"ஓடாதீக! மாடி ஏறவே கூடாதுன்னு சொல்லியிருக்காக!"

யார் கேட்டது? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கண்மாய்க் கரைமேல் நிற்கிறார். புகை இல்லை. கம்பெனிக்குள் செல்போன் கூடாது. ஆபீஸ் நம்பர் எங்கேஜ்; ஊரே கூப்பிடும்தானே. ஒருவழியாக முருகன் கிடைத்தான்.

"கல்குவாரி வேட்டு மதினி. இங்கன ஒண்ணும் இல்ல. அண்ணன் என்னைய இன்னும் எத்தன தடவ சாகடிப்பாக?"

கூட்டம் சிரித்துக் கலைந்தது. அடுத்த பஸ். லேபில் நுழைந்ததும் ஊசி. அப்போதும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

செப். 15, வெள்ளி

மதுரை. ரிசல்ட் வந்தது. கூடியிருக்கிறது, நிறைய. திங்கட்கிழமை அட்மிட் ஆகச் சொன்னார் டாக்டரம்மா. 

பிறகு அவரே எக்கோ ஸ்கேனைத் திரும்பப் பார்த்தார். "இதயம் தேறி வருதே. ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி உட்கார்ந்து ரெஸ்ட் எடுத்தீங்களா?"

"நல்லா உக்காந்திருந்தேன்மா" என்றார் இவர். மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

சொல்லிவிட்டேன். சத்தம், கரை, ஓட்டம், எல்லாம்.

"குவாரி வேட்டுக்கா ஓடினீங்க?"

"தம்பி அங்கனதான் வேல பாக்கான்மா."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். ஓட்டத்திலும் பதற்றத்திலும், உட்சுவர் சேர்த்து வைத்திருக்கும் அந்தப் புரதம் ரத்தத்தில் கொட்டிவிடுமாம். புண்ணே இல்லாமல் கூடும். இந்த எண்ணை வைத்துப் புண்ணா பயமா என்று சொல்ல முடியாது. மறுபடி எடுக்க வேண்டும். அட்மிஷன் அதுவரை இல்லை.

வெளியே வந்ததும், "மானத்த வாங்கிட்டே" என்றார். 

செப். 18, திங்கள்

வெயில் குறைவு. லேபுக்கு முன்னதாகவே போய், மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தேன். அதற்கு முன் முருகனுக்கு போன்: இன்று எது நடந்தாலும் அண்ணனைக் கூப்பிடாதே.

"சீசன் மதினி. லோடு ஏத்தவே நேரமில்ல, வெடிக்க எங்க நேரம்?"

திட்டினேன். சிரிப்பும் வந்தது.

வாங்க: புளி, மண்ணெண்ணெய், டியூஷன் பிள்ளைகளுக்குச் சாக்பீஸ்.

என் ரத்தத்தை யாராவது பார்த்தால்? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒவ்வொரு சத்தத்துக்கும் வானத்தைப் பார்த்தவள். எனக்கும் கூடித்தான் இருக்கும். யாரும் கேட்கவில்லை.

செப். 21, வியாழன்

தூறல். மதுரை. ரிசல்ட் நார்மல். நார்மல். இரண்டு தரம் எழுதிப் பார்த்தேன்.

உட்சுவரில் புண் இல்லை. ஸ்டீராய்டு இல்லை. வார்டு இல்லை. ஓட்டம் மட்டும் இன்னும் சில மாதங்களுக்குக் கூடாது.

"வேட்டுச் சத்தம் கேட்டா?" என்றார் இவர்.

"நடந்து போங்க."

சொல்லிவிட்டு டாக்டரம்மாவே சிரித்தார்.

விருதுநகரில் பஸ் மாறி உட்கார்ந்ததும் அழுகை. அடக்க முடியவில்லை. முன் சீட்டு அம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லதுதான சொன்னாக, எதுக்கு அழுறே?" இவருக்கு வெட்கம். ஆனாலும் துண்டை நீட்டினார்.

தெரியவில்லை என்றேன். அதற்குள் ஆமத்தூர்.